பாரோடேல் மேட்டில் மாமா ஓட்டிய தூரம்

என் மாமா இந்திரகுமாருக்கு மேல்வரிசை முன்பற்கள் நான்கும் கட்டிய பற்கள். சிட்னியில் இருக்கும் எங்கள் ஆட்கள் பொங்கலுக்கோ பிறந்தநாளுக்கோ கூடும் வீடுகளில் அவரைக் கண்டவுடன் யாராவது ஒரு அங்கிள், "என்ன குமார், இண்டைக்குத் தேங்காய் ஒண்டும் உடைக்கேல்லையோ?" என்று கேட்பார். அறை முழுவதும் சிரிக்கும். மாமாவும் கட்டிய பல் தெரியச் சிரிப்பார்.

புல்டோசருக்குத் தேங்காய் உடைக்கப் போய் ஒரு மேட்டையே கொளுத்தியவர் என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த கதை. அதில் பொய் இல்லை. ஆனால் அந்தக் கதையில் ஒரு பெண்ணின் மணிக்கட்டு முறிந்தது. ஒருவனின் விலா எலும்பு முறிந்தது. மாமாவின் தாடை உடைந்தது. இன்னொருவரின் கன்னத்தை மாமா உடைத்தார். சிரிப்பவர்கள் இவற்றைச் சொல்வதில்லை. நான் போன மார்கழியில் பள்ளிக்கூடம் முடித்தேன். எந்த வேலையிலும் நிலைக்காமல் திரிந்த மாதங்களில் மாமாவையும் அம்மாவையும் அப்பாவையும், மாமாவின் பல்லை உடைத்த சார்லியையும் தனித்தனியே கேட்டேன். அவர்கள் சொன்னதை எழுதுகிறேன். இங்கிலிஷில் நடந்த பேச்சையும் எங்கள் வீட்டுப் பேச்சிலேயே எழுதியிருக்கிறேன்.

பாரோடேல் எங்கள் வென்ட்வேர்த்வில் வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய ஒரு மேடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கம்பளி விற்றுப் பணக்காரரான ஒருவர் அங்கே பெரிய மாளிகை கட்டியிருந்தார். இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் அது எரிந்துபோயிற்று. எஞ்சிய செங்கல்லைச் சுற்றியிருந்தவர்கள் கோழிக்கூட்டுக்கும் புகைபோக்கிக்கும் கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது மண் மட்டும். உச்சியில் மாளிகை நின்ற சமதளம். அதிலிருந்து கீழே மூன்று அகலமான மண்படிகள். பூந்தோட்டத்துக்காகச் சரிவை வெட்டிச் செய்தவை. நடுப்படியில் நீரூற்று இருந்த வட்டக் குழி. ஆடுகள் தோட்டத்துக்குள் வராமல் தோண்டிய அகழி. குதிரை வண்டி வளைந்து ஏறுவதற்காக உயர்த்திய பாதை. எல்லாவற்றின் மேலும் புல் வளர்ந்திருந்தது. தெரியாதவர் பார்த்தால் வெறும் மேடு. மாலை வெயில் சாய்வாக விழும்போதுதான் நிழல்கள் நேர்கோடாக விழுவதைக் கண்டு, இது மனிதர் செய்த மண் என்று புரியும்.

மாமாவுக்கு அது முதற்பார்வையிலேயே புரிந்தது. வவுனியாவில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஒன்பது வருஷம் புல்டோசர் ஓட்டியவர் அவர். உடைந்த குளக்கட்டுகளைத் திருத்துவதுதான் வேலை. கட்டிய மண்ணையும் தானாகக் கிடந்த மண்ணையும் பிரித்துப் பார்க்க அவருக்குக் கண் போதும். வெள்ளையர் அல்லாதவர்களுக்கும் இந்த நாட்டுக் கதவு திறந்தபின், எழுபத்து மூன்றில், அப்பா அவரை இங்கே கூப்பிட்டார். அப்பா மகாதேவன் ஆஸ்பத்திரியில் டாக்டர். மைத்துனருக்கு அங்கேயே சலவைப் பகுதியில் ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார்.

"அத்தான், நான் பெட்சீற் தோய்க்க வரேல்ல," என்றார் மாமா.

"அப்ப என்ன செய்யப் போறீர்?"

"எனக்குத் தெரிஞ்சதைச் செய்யிறன்."

டூலி என்ற மண்வேலை ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்தார். ஆனால் டூலி அவரை இயந்திரத்தின் மேல் ஏற விடவில்லை. கையில் மண்வெட்டியையும் கிரீஸ் கன்னையும் கொடுத்தார். புல்டோசரின் சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புச் செயினில் ஒட்டிய களிமண்ணைச் சுரண்ட வேண்டும். மூட்டுகளுக்குக் கிரீஸ் அடிக்க வேண்டும். டீசல் ஊற்ற வேண்டும். பிறகு இன்னொருவன் ஏறி ஓட்டுவதைக் கீழே நின்று பார்க்க வேண்டும். குமார் என்ற பெயர் அங்கே கூமா ஆயிற்று. அது இந்த மாநிலத்தில் ஓர் ஊரின் பெயர். "கூமா, செயினைத் துடை! கூமா, கட்டையை எடு!" இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. மாமாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்தக் கதிரை, ஓட்டி இருக்கும் ஆசனம். சம்பளம் கூட வரும் என்பதற்காக இல்லை. "மேல ஏறி இருந்தாத்தான் அக்கா நான் ஆள். கீழ நிண்டா நான் ஒரு கிரீஸ் துணி," என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

கதிரையில் இருந்தவன் சார்லி. மோல்ட்டா தீவுக்காரன். கிரேஸ்டேன்ஸில் வீடு, கழுத்தில் சிலுவை, பேச்சில் பாதி கெட்ட வார்த்தை. மாமாவை மனிதனாகப் பார்த்த ஒரே ஆளும் அவன்தான். மதியம் டூலி சாப்பிடப் போகும் நேரத்தில், "ஏறடா கூமா, ஆள் வாறதுக்குள்ள ஒரு சுத்துச் சுத்து," என்பான். அப்படித் திருட்டுத்தனமாக ஓட்டிய சில அடிகள்தான் அதுவரை மாமாவுக்குக் கிடைத்தவை.

எழுபத்து நான்கின் கடைசியில் டூலிக்குப் பாரோடேல் மேட்டைச் சமப்படுத்தும் ஒப்பந்தம் கிடைத்தது. முப்பது வீடுகள் வரப்போகின்றன. ஆனால் பக்கத்துத் தெருவில் இருந்த மிஸிஸ் பீல் என்ற பெண்மணியும் அயலவர்களும் தொழிற்சங்கத்திடம் போனார்கள். பழைய தோட்டத்தின் மண்ணாவது மிஞ்சட்டும் என்று கேட்டார்கள். அந்த வருஷங்களில் சிட்னியில் தொழிற்சங்கங்கள் அப்படிப்பட்ட இடங்களில் வேலை செய்ய மறுத்து வந்தன. இங்கேயும் தடை விழுந்தது. சார்லி இயந்திரத்தை மேட்டின் அடிவாரத்தில் வாசலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, இறங்கி, நேரே உச்சிக்குப் போய் மறியல்காரரோடு கூடாரம் அடித்தான். மாமாவுக்குச் சங்கத்தில் அட்டை இல்லை. கிரீஸ் அடிப்பவனை யாரும் சேர்க்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. நின்ற இயந்திரம் துருப்பிடிக்காமல் பார்க்கும்படி டூலி அவரை அங்கே விட்டுவைத்தார்.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை டூலியின் அடியாட்கள் வந்தார்கள். ஒரு லொறியில் எட்டோ ஒன்பதோ பேர். கையில் பிக்காசுப் பிடிகள். பட்டப்பகல். வண்டிப் பாதை வழியாக ஓடி ஏறிக் கூடாரங்களை இழுத்து வீழ்த்தினார்கள். உள்ளே தேநீர் போட்டுக்கொண்டிருந்த மிஸிஸ் பீல் கேத்தலோடு வெளியே வந்தார். அவருக்கு அறுபது வயது. ஒருவன் கேத்தலைத் தட்டிவிடத்தான் ஓங்கினான் என்று பிறகு பொலிசில் சொன்னான். பிடி மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் அடிவாரத்தில் நின்ற தனக்கே கேட்டது என்று மாமா சொன்னார். அது எப்படிக் கேட்டிருக்கும் என்று தெரியவில்லை. ஆனால் அப்படித்தான் சொன்னார். சார்லி மூன்று பேரோடு மல்லுக்கு நின்றான். கீழே விழுந்த பிறகும் அவன் விலாவில் பூட்ஸால் உதைத்தார்கள். அவனை உதைத்தே படியிலிருந்து படிக்கு உருட்டினார்கள். மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு, இரண்டிலிருந்து முதலாம் படிக்கு. கடைசியில் அவன் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வந்து கிடந்தான்.

மாமா கிரீஸ் கன்னோடு நின்றார்.

லொறி போனபின் சார்லி வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டுக் கேட்டான்: "நீ இங்கதானே நிண்டனீ?"

"ஓம்."

"சரி. கிரீஸ் அடி."

அதற்குப் பிறகு அவன் மாமாவோடு பேசவில்லை. விலாவைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுநாளே கூடாரத்தைத் திரும்பவும் நிறுத்தினான்.

வெள்ளிக்கிழமை டூலி மாமாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "இரு," என்றார். இரண்டு வருஷத்தில் முதல் தடவை.

"உன்ர நாட்டில நீ டோசர் ஓட்டினனியாம்?"

"ஒன்பது வருஷம்."

"எனக்கு வாற ஓட்டிகள் எல்லாம் இப்ப யூனியனுக்குப் பயத்தில நடுங்கிறாங்கள். நாளைக்கு என்ர ஆக்கள் மேல ஏறி அந்தக் கூட்டத்தைப் பிடிச்சு வைச்சிருப்பாங்கள். நீ கீழ்ப்படியில தொடங்கு. ஒரு படியை வழிச்செடுத்தாப் போதும். பிறகு காப்பாத்த அங்க ஒண்டும் இராது, தடையும் இராது. திங்கட்கிழமையிலிருந்து அந்தக் கதிரை உன்ர."

"சார்லி?"

"சார்லி ஆர்?" என்றார் டூலி.

மாமா அன்று வீட்டுக்கு வந்து குளிக்காமல், கிரீஸ் கையோடு குசினி வாசலில் நின்றார். அம்மா வெள்ளிக்கிழமைப் பூசைக்கு ஃப்ளெமிங்டன் சந்தையில் வாங்கிய தேங்காயைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்தத் தேங்காயைத் தாறியளோ? நாளைக்கு வேணும்."

அம்மா விஷயத்தைக் கேட்டார். மாமா ஒளிக்காமல் சொன்னார். அம்மா குழாயை மூடினார்.

"அப்ப கருங்காலி வேலை."

"ஒரு நாள் வேலை அக்கா. பிறகு என்ர வேலை."

"அந்த மோல்ட்டாக்காரன் உன்னை இயந்திரத்தில ஏத்தினவன் எண்டு நீதானே சொன்னனீ? அவன்ர கதிரையைப் பிடுங்கப் போறாய். அதுக்குப் பிள்ளையாருக்குத் தேங்காயும் கேக்கிறாய்."

"கேட்டாத் தாங்கோ. இல்லாட்டி விடுங்கோ."

கூடத்தில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த அப்பா, "குடுத்து விடும் இராஜேஸ். தேங்காய் என்ன பாவம் செய்தது?" என்றார். அப்பாவுக்கு அது பகிடி. அம்மா தேங்காயை மேசையில் உருட்டிவிட்டார். அதோடு இரண்டு எலுமிச்சம்பழமும் கற்பூரமும் தானே எடுத்து வைத்தார். ஏன் வைத்தீர்கள் என்று கேட்டேன். "வெறும் தேங்காயோட அனுப்பிறதே?" என்றார்.

இதை விளங்கப்படுத்த வேண்டும். வவுனியாவில் எந்த ஓட்டியும் ஒரு குளக்கட்டில் முதல் நாள் இயந்திரத்தைச் சும்மா இறக்க மாட்டான். செயினுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பான். மண்ணை வழிக்கும் தகட்டுக்கு முன்னால் கற்பூரம் காட்டுவான். தேங்காயை உடைத்துவிட்டுத்தான் ஏறுவான். எஞ்சினியரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் நிற்பார். மண்ணை வெட்டுவது சின்ன வேலை இல்லை, கேட்டுத்தான் வெட்ட வேண்டும் என்பது அங்கே எல்லாருக்கும் பொது. அதிலும் மாமா செய்யப்போனது நல்ல வேலை இல்லை என்று அவருக்கே தெரியும். ஆகவே கேட்காமல் ஏற அவருக்குத் துணிவில்லை.

இந்த நாட்டில் மாசி கோடை. சனிக்கிழமை விடியும்போதே அனல். வடமேற்கிலிருந்து உலர்ந்த காற்று வீசியது. மாநிலம் முழுவதும் நெருப்பு மூட்டத் தடை என்று ரேடியோவில் சொன்னார்கள். மாமா அதைக் கேட்டார். பிற்பாடு பொலிஸ்காரர், "கேட்டும் ஏன் பற்ற வைத்தாய்?" என்று கேட்டபோது அவர் எழுதிக் கொடுத்த பதிலில் ஒரு சொல்லும் பொய் இல்லை. தடை அடுப்புக்கும் குப்பைக்கும்தான் என்று நினைத்தார். சாமிக்குக் காட்டும் கற்பூரம் ஒரு நெருப்பு என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

டூலியின் ஆட்கள் முன்னதாகவே வந்துவிட்டார்கள். மேலே சத்தமும் அடிபிடியும் தொடங்கியிருந்தன. உச்சித் தளத்தின் பின்பக்கம் தொடங்கிப் படிகளின் மறுமுனைவரை பழைய களிமண் குவாரி. செங்குத்தான பள்ளம். ஆகவே மறியல்காரர் பின்வாங்க வழி இல்லை. முன்னால் படிகள், பக்கத்தில் வண்டிப் பாதை, அவ்வளவுதான். மாமா இயந்திரத்தின் முன் குந்தினார். இரண்டு செயினுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். தகட்டின் மறைவில் காற்று குறைவாக இருந்தது. தட்டம் கொண்டுவரவில்லை. கற்பூரத்தை நிலத்தில் ஒரு தட்டைக் கல்லின் மேல் வைத்துக் கொளுத்தி, தேங்காயை மூன்று முறை சுற்றினார். அடிவாரத்துக் காவலுக்கு நின்ற அடியாள் ஒருவன், "என்னடா, மத்தியானச் சாப்பாடா?" என்று சிரித்தான். மாமா தேங்காயைச் செயின் இரும்பில் ஓங்கி அடித்தார்.

தேங்காய் உடைந்தது. தண்ணீர் தெறித்தது. அந்த அடியில் கல் புரண்டது. எரிந்துகொண்டிருந்த கற்பூரம் கல்லிலிருந்து புல்லில் விழுந்தது.

மாமா காலால் மிதித்தார். மிதித்த இடம் அணைந்தது. அரை அடி தள்ளிப் பற்றியது. இரண்டாவதையும் மிதித்தார். அப்போது தகட்டின் ஓரமாக ஒரு காற்று சுழன்று வந்தது. இடுப்பளவு காய்ந்த புல் ஒரே மூச்சில் எழுந்து எரிந்தது. நெருப்பு முதலாம் படியின் நீளத்துக்கு ஓடியது. வண்டிப் பாதையோரம் விழுந்து கிடந்த பைன் சருகும் பிடித்தது. புகை நேரே உச்சிக்குப் போயிற்று.

டூலியின் ஆட்கள் வெளுத்துப்போய்ப் பாதை வழியாகக் குதித்து இறங்கி லொறியில் ஏறினார்கள். மறியல்காரருக்கு ஒரே ஒரு எண்ணம்தான் வந்தது. புதன்கிழமை பிக்காசுப் பிடி, இன்றைக்கு நெருப்பு. எங்களை உயிரோடு கொளுத்துகிறார்கள்.

சார்லி புகைக்குள்ளால் ஓடி வந்தான். கையில் மண்வெட்டி. மாமா இரண்டு கையையும் விரித்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மண்வெட்டியின் பிடி அந்த வாயில் விழுந்தது. முன்பற்கள் அப்போதே போய்விட்டன.

"மேல கிழவி இருக்கிறாள்! மேல கிழவி இருக்கிறாள், நாயே!" என்று கத்திக் கத்தி அடித்தான் சார்லி. மாமா தகட்டின் அடியில் விழுந்தார். முதுகில் இன்னொரு அடி. கண்ணைத் திறந்தபோது முதலாம் படி முழுவதும் எரிவதைக் கண்டார். அங்கே பிளாக்பெரி முட்புதர் அடர்ந்திருந்தது. பச்சையானதால் நெருப்பு அதற்குள் சிக்கித் திணறியது. அதைத் தாண்டினால் இரண்டாம் படி. அங்கே காய்ந்த புல். அதற்குமேல் கூடாரங்கள்.

அவர் எழுந்து இயந்திரத்தில் ஏறினார். கூடாரத்தை நசுக்கப் போகிறான் என்று நினைத்துச் சார்லி காலைப் பிடித்து இழுத்தான். மாமா அவன் நெஞ்சில் உதைத்தார். முறிந்த விலாவின் மேல். சார்லி மல்லாந்து விழுந்தான்.

"அந்த உதைக்குத்தான் நான் உன்ர மாமனை இன்னும் மன்னிக்கேல்ல. மற்ற எல்லாத்துக்கும் மன்னிச்சிட்டன்," என்று சார்லி என்னிடம் சொன்னான். சிரிக்காமல்தான் சொன்னான்.

இயந்திரம் எரியும் பாதையோரமாக ஏறியது. இரண்டாம் படியின் முனையில் மாமா தகட்டை இறக்கினார். வாயிலிருந்து இரத்தம் சட்டையிலும் நெம்புகோலிலும் வழிந்தது. கீழ்ப்பக்கம் முட்புதர் வெடித்து எரிந்தது. மேல்பக்கம் நின்றவர்கள் கல்லெறிந்தார்கள். அவர்களுக்கு வேறெதுவும் விளங்கவில்லை. யாரைத் தடுக்கக் கிழமைக் கணக்கில் காவல் இருந்தார்களோ, அவன் புகைக்கு நடுவே வந்து தோட்டத்தை வழித்துக்கொண்டிருந்தான். அவர்கள் கண்டதும் பொய் இல்லை. பூப்பாத்திகளின் வரம்புகள் போயின. கல் பாவிய நடைபாதை ஒன்று புரண்டது. நீரூற்றின் வட்டக் குழியில் பாதி மூடுண்டது. ஒரு கல் மாமாவின் காதைக் கிழித்தது. அவர் தகட்டைத் தூக்கவில்லை. படியின் மறு முனையில், குவாரி விளிம்பில்தான் நிறுத்தினார். பின்னால் வெறும் சிவப்பு மண்ணாக ஒரு நீண்ட கீற்று கிடந்தது.

நெருப்பு அந்த மண்வரை வந்தது. நின்றது. தாண்டிப் பறந்த பொறிகளை மிஸிஸ் பீல் ஒற்றைக் கையால் ஈரச் சாக்கை வீசி அடித்தார்.

ஆனால் அதைப் பார்க்கும் நிலையில் அங்கே ஆண்கள் இல்லை. நான்கு பேர் மாமாவைக் கதிரையிலிருந்து இழுத்துச் செயினின் மேல் போட்டார்கள். ஒருவன் தலைமயிரைப் பிடித்துக்கொண்டான். மற்றவர்கள் முறை வைத்து அடித்தார்கள். தாடை அப்போதுதான் உடைந்தது. அவர் கையைக்கூடத் தூக்கவில்லையாம். மிஸிஸ் பீல், "நிண்டிட்டுது! பாருங்கோடா, நெருப்பு நிண்டிட்டுது!" என்று கத்திக்கொண்டே வந்து அடித்தவன் ஒருவனின் முதுகில் அந்த ஈரச் சாக்காலேயே அடித்தார். அப்போதும் நிற்கவில்லை. தீயணைப்பு வண்டிக்காரர் வந்து பிரித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அன்று கடமையில் இருந்தவர் அப்பா. கொண்டுவந்த ஆளின் முகம் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பெயர் கேட்டால் வாயிலிருந்து காற்றுத்தான் வந்தது. நாடி பார்க்கக் கையைத் திருப்பியபோது நகக்கண்ணில் கிரீஸைக் கண்டார். ஊரில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் வழுக்கி விழுந்த பழைய தழும்பை முழங்கையில் கண்டார். கத்தரிக்கோல் பிடித்திருந்த நர்ஸிடம், "இவர் என்ர மச்சான்," என்று தமிழில் சொன்னாராம். அவளுக்கு விளங்கியிராது.

பொலிஸ் வந்தது. அப்பா தேங்காயை விளங்கப்படுத்தினார். சார்ஜன்ட் எழுதுவதை நிறுத்தி, "தேங்காயா? டோசருக்கா?" என்றார். பக்கத்தில் நின்ற இளம் பொலிஸ்காரன் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பினான். அந்தச் சிரிப்புத்தான் பிறகு எங்கள் ஆட்களிடையே ஊர் சுற்றியது. வேண்டுமென்று வைத்த நெருப்பில்லை என்று குற்றப்பணத்தோடு விட்டார்கள். மறியல்காரர் அதை நம்பவில்லை. டாக்டர் மைத்துனர் காப்பாற்றிவிட்டார் என்றார்கள்.

தாடையைக் கம்பியால் கட்டி வீட்டுக்கு விட்டார்கள். மாமா குழாயால் சூப் குடித்தார். பேச முடியாது. மூன்றாம் வாரத்தில் ஒரு திங்கட்கிழமை பூட்ஸைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வெளிக்கிட்டார். அம்மா வாசலை மறித்தார்.

"எங்க போறாய்? இன்னும் அந்தக் கதிரையே?"

மாமா தலையை ஆட்டினார். அது ஓமா இல்லையா என்று அம்மாவுக்கு விளங்கவில்லை. நானும் மாமாவிடம் கேட்டேன். "ஓம்தான்," என்றார். "அவ்வளவு அடியும் வாங்கின பிறகு அதையும் விட்டால் எனக்கு என்ன மிச்சம்?"

டூலியின் முற்றத்தில் காலை ஏழு மணிக்கு எல்லாரும் நிற்பார்கள். மற்ற இடங்களுக்கு வேலைக்குப் போகும் ஓட்டிகள். அவர்களோடு சார்லியும். தடை மேட்டுக்குத்தான், டூலியின் மற்ற வேலைகளுக்கு இல்லை. மாமா உள்ளே வந்ததும் ஒருவன் காறித் துப்பினான்.

டூலி படியிறங்கி வந்து மாமாவின் தோளில் கையைப் போட்டார்.

"பாருங்கோடா, இவன் ஆம்பிளை. நான் ஒரு படியை வழி எண்டன். இவன் நெருப்பும் வைச்சு, படியையும் வழிச்சான்! எனக்கே அந்த யோசனை வரேல்ல. கூமா, சொன்ன மாதிரிக் கதிரை உன்ர. ஏறு. ஏறி இவங்களுக்குக் காட்டு."

இயந்திரம் அங்கேதான் நின்றது. கழுவி வைத்திருந்தார்கள். ஏறினால் கதிரை கிடைக்கும். ஏறினால் நெருப்பை வேண்டுமென்றே வைத்தது உண்மையாகிவிடும். நாலு வார்த்தை பேசினால் போதும். வாய் கம்பிக்குள் பூட்டியிருந்தது. பல்லிடுக்கால் "இல்லை, இல்லை" என்று ஏதோ சத்தம் வந்தது. டூலி, "நன்றி சொல்லுறான்!" என்று சிரித்தார். முற்றத்திலும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

இயந்திரத்தின் செயின் மேல் கிரீஸ் கன் கிடந்தது. மாமா அதை எடுத்து டூலியின் கன்னத்தில் அடித்தார். டூலி விழுந்தார். எழும்ப முயன்றபோது தோளில் அடித்தார். பிறகு கன்னை அவர் மடியில் போட்டுவிட்டு, செயினின் மேல் இருந்தார். மேலே கதிரையில் ஏறவில்லை. பொலிஸ் வரும்வரை அப்படியே இருந்தார். சார்லி வந்து பக்கத்தில் இருந்தான். சிகரெட் நீட்டினான். கம்பி கட்டிய வாயில் சிகரெட் புகாது என்று கண்டு தானே பற்றவைத்துக்கொண்டான்.

மாமா மூன்று மாதம் சிறையில் இருந்தார். அந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை சார்லி எங்கள் வீட்டுக்கு வந்து மணி அடித்தான். அம்மா கதவைத் திறக்கவில்லை. அவன் ஒரு பொட்டலத்தை வாசலில் வைத்துவிட்டுப் போனான். அவிழ்த்துப் பார்த்த அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. உள்ளே தோலுரித்த முயல். மோல்ட்டாக்காரர் மதிக்கிறவர் வீட்டுக்குக் கொடுப்பது அதுவாம். சைவ வீட்டு வாசலில் நாலு காலும் விறைத்துக்கொண்டு கிடந்தது. அப்பா அதை வாளியால் மூடிவிட்டு, "பாத்தீரே, மன்னிப்புக் கேக்கிறான்," என்றார். அம்மா வாசலை மஞ்சள் தண்ணீரால் கழுவினார். அடுத்த கிழமை சார்லி வந்தபோது கதவைத் திறந்து, நிற்கவைத்துத் தேநீர் கொடுத்தார். அதன் பிறகு அவன் தக்காளி கொண்டு வந்தான்.

வெளியே வந்த மாமாவுக்கு எந்த ஒப்பந்தக்காரரும் வேலை கொடுக்கவில்லை. முதலாளியை அடித்தவன். சங்கமும் ஓட்டி அட்டை கொடுக்கவில்லை. மறியலைத் தாண்டிப் போனவன். சங்கக் கூட்டத்தில் சார்லி அவருக்காக எழுந்து பேசி, பேச்சு முற்றி ஒருவனின் சட்டையைப் பிடித்துவிட்டான். அதுவும் உதவவில்லை. மாமா இப்போது லிட்கமில் ஒரு போத்தல் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறார்.

பாரோடேலில் வீடுகள் எழவில்லை. புல் எரிந்து போனதில் அதுவரை மூடிக் கிடந்ததெல்லாம் கறுப்பு நிலத்தில் தெளிவாகத் தெரிந்தது. பாத்திகள், பாதைகள், அகழியின் வளைவு. அதைப் படம் எடுத்துப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார்கள். டூலிக்கும் கன்னம் ஆற நாளாயிற்று. ஒப்பந்தம் கைவிட்டுப் போயிற்று. மிஸிஸ் பீல் ஞாயிறுகளில் வருபவர்களைக் கூட்டிக்கொண்டு காட்டுகிறார். "இது மாளிகைக்காரர் வெட்டின படி. இது அவர் மகன் வெட்டின அகழி. இது கூமா வெட்டினது," என்கிறார். அவருடைய வலது கை இன்னும் முழுவதும் மடங்காது.

போன மாதம் மாமாவோடு அங்கே போனேன். இரண்டாம் படியின் கீற்றில் வேறு நிறப் புல் முளைத்திருக்கிறது. சார்லியின் பையன்கள் அதில் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்த மேட்டில் வரம்பும் குழியும் இல்லாமல் பந்து நேராக எழும் ஒரே இடம் அதுதான். மாமா பாதையோரத்திலிருந்து தொடங்கி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குவாரி விளிம்புவரை நடந்தார். இந்த நாட்டில் அவர் தேங்காய் உடைத்துக் கேட்டு ஏறி டோசர் ஓட்டிய தூரம் அவ்வளவுதான். முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் நின்று குந்தி, ஒற்றைக் கண்ணை மூடித் தரைமட்டத்தைப் பார்த்தார்.

"இந்த இடத்தில வலப்பக்கம் சரிஞ்சு போச்சு," என்றார். "கல்லு காதில பட்ட நேரம்."

காலால் அந்த இடத்தை இரண்டு முறை மிதித்தார். பையன்கள், "அங்கிள், பிட்சை விட்டு விலகுங்கோ!" என்று இங்கிலிஷில் கத்தினார்கள். விலகினார்.